ஐக்கிய அமெரிக்கப் போக்குவரத்துத் தொழிலாளர் மதுச் சோதனையும் தொழிற்சங்க வழக்குகளும்

ஐக்கிய அமெரிக்காவில் தொடர்வண்டி, விமானம், பேருந்து, சரக்குந்து ஆகியவற்றை இயக்கும் தொழிலாளர்களை மது, போதைப்பொருள் சோதனைக்கு உட்படுத்துவது குறித்து, 1980களிலும் 1990களிலும் அரசுக்கும் நிறுவனங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே நீண்ட சட்டப் போராட்டம் நடைபெற்றது. சோதனை செய்ய அதிகாரம் உண்டா என்பது முதல் கேள்வி. சோதனையில் சிக்கியவரை வேலையிலிருந்து நீக்கியே ஆகவேண்டுமா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியில் தொழிற்சங்கங்கள் இறுதியில் தோற்றன. இரண்டாவதில் அவை குறிப்பிடத்தக்க வெற்றிகளைப் பெற்றன.

விதி ஜி

பணியின்போது மது அருந்துவதையும் மது அருந்திவிட்டுப் பணிக்கு வருவதையும் தடைசெய்யும் 'விதி ஜி' அமெரிக்கத் தொடர்வண்டி நிறுவனங்களில் நெடுங்காலமாக நடைமுறையில் இருந்தது. இதை மீறினால் வேலை போகும். மேற்பார்வையாளர் கண்ணால் கண்டும் மூக்கால் நுகர்ந்தும்தான் மீறலைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. உடன் வேலை செய்பவர்களுக்கு உண்மை தெரிந்தாலும், ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் கெடுக்க மனமின்றி அவர்கள் அதை மறைத்தனர்.

ஏழு பெரிய தொடர்வண்டி நிறுவனங்களில் நடத்தப்பட்டு 1979இல் வெளியான ஆய்வு, வண்டி இயக்கும் பணியாளர்களில் 23 விழுக்காட்டினர் குடிப்பழக்கத்தால் சிக்கலுக்கு உள்ளானவர்கள் என்று கூறியது. அவர்களுள் 4 விழுக்காட்டினர் மட்டுமே நிறுவனத்தின் உதவித் திட்டங்களில் சேர்ந்திருந்தனர். ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர்கள் அதைவிடக் குறைவு. கடுமையான தண்டனை இருந்தும் நோய் மறைந்தே இருந்தது.

1972 முதல் 1983 வரை மது அல்லது போதைப்பொருள் காரணமாகவோ துணைக் காரணமாகவோ அமைந்த பெரிய தொடர்வண்டி விபத்துகள் குறைந்தது 21 நிகழ்ந்தன. அவற்றில் 25 பேர் இறந்தனர். 1982 செப்டம்பரில் லூசியானா மாநிலத்தின் லிவிங்ஸ்டன் ஊரில் வேதிப்பொருள் ஏற்றிச் சென்ற சரக்கு வண்டி தடம்புரண்டு தீப்பற்றியதில், ஏறத்தாழ 3,000 பேர் வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. இவ்விபத்திலும் ஓட்டுநரின் மதுப் பழக்கம் சுட்டிக்காட்டப்பட்டது.

1985ஆம் ஆண்டு விதிகளும் ஸ்கின்னர் வழக்கும்

நடுவண் தொடர்வண்டி நிர்வாகம் 1985இல் புதிய விதிகளை வெளியிட்டது. பெரிய விபத்துக்குப் பின் தொடர்புடைய பணியாளர்களிடம் இரத்தமும் சிறுநீரும் எடுத்துச் சோதிப்பது கட்டாயமாயிற்று. சிவப்பு விளக்கைத் தாண்டுதல், மிகை வேகம் போன்ற விதிமீறல்களுக்குப் பின் மூச்சு அல்லது சிறுநீர்ச் சோதனை செய்ய நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. கட்டாயச் சோதனைக்கு மறுப்பவர் ஒன்பது மாதம் அப்பணியில் ஈடுபட முடியாது.

தொடர்வண்டித் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. நீதிமன்ற ஆணையோ குறிப்பிட்ட ஒருவர்மீது ஐயமோ இல்லாமல் உடலைச் சோதிப்பது அரசமைப்பின் நான்காம் திருத்தத்துக்கு முரணானது என்பது அதன் வாதம். மூச்சுச் சோதனை அந்நேரத்து மது அளவைக் காட்டும். சிறுநீர்ச் சோதனையோ பல நாட்களுக்கு முன் உட்கொண்ட போதைப்பொருளையும் காட்டக்கூடும். ஆகவே அது பணித்தகுதியைத் தாண்டித் தனிவாழ்வுக்குள் நுழைகிறது என்று தொழிலாளர் தரப்பு கருதியது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கங்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆனால் உச்ச நீதிமன்றம் 1989 மார்ச் 21 அன்று, ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் விதிகளை உறுதிசெய்தது. கணநேரக் கவனக்குறைவும் பேரழிவை விளைவிக்கும் பணி என்பதால் பொதுமக்கள் பாதுகாப்பே முதன்மையானது என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் அந்தோணி கென்னடி கூறினார். நெருக்கடியைக் காரணம் காட்டி அடிப்படை உரிமைகளைத் தளர்த்தினால் பின்னர் வருந்த நேரிடும் என்று நீதியரசர் தர்குட் மார்ஷல் மாறுபட்ட தீர்ப்பில் எச்சரித்தார். நீதியரசர் வில்லியம் பிரென்னன் அவருடன் உடன்பட்டார்.

யூனியன் சதுக்க விபத்தும் 1991ஆம் ஆண்டுச் சட்டமும்

நகரப் பேருந்து, சுரங்கத் தொடர்வண்டி ஊழியர்களுக்கு வகுக்கப்பட்ட நடுவண் போதைப்பொருள் சோதனை விதிகளை எதிர்த்து அவர்களது சங்கம் தொடுத்த வழக்கு 1990இல் வெற்றி பெற்றது. அத்தகைய விதிகளை வகுக்க உரிய முகமைக்குச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்று வாசிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அந்த வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. 1991 ஆகத்து 28 அன்று நியூயார்க்கின் யூனியன் சதுக்கம் அருகே சுரங்கத் தொடர்வண்டி தடம்புரண்டு ஐந்து பேர் இறந்தனர். ஓட்டுநர் மது அருந்தியிருந்தார். பின்னர் அவர் தண்டிக்கப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் நிறைவேறிய சட்டம் எல்லாப் போக்குவரத்துத் துறைகளிலும் சோதனையைக் கட்டாயமாக்கியது.

பணிநீக்க வழக்குகள்

சோதனையில் சிக்கியவரை நீக்கியே ஆகவேண்டும் என்று அச்சட்டமும் சொல்லவில்லை. நீக்கம் நியாயமானதா என்பதைத் தொழிலாளர் ஒப்பந்தப்படி நடுவர்களே பெரும்பாலும் முடிவுசெய்தனர். நடுவர் தீர்ப்பு பொதுநலனுக்கு எதிரானது என்று நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன.

பறப்பதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் மது அருந்தக்கூடாது என்ற விதியை மீறியதால் நார்த்வெஸ்ட் நிறுவனம் நீக்கிய விமானி ஒருவர், சிகிச்சைக்குப் பின் மருத்துவத் தகுதிச் சான்று பெற்றால் பணிக்குத் திரும்பலாம் என்று நடுவர் குழு கூறியது. 1987இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்றது. மாறாக, போதையிலேயே பயணிகள் விமானத்தை ஓட்டிய டெல்ட்டா நிறுவன விமானியைத் திரும்பச் சேர்க்கும் தீர்ப்பை 1988இல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இரத்து செய்தது.

2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. நிலக்கரி நிறுவனமொன்றின் கனரக வாகன ஓட்டுநர் இரண்டு முறை கஞ்சாச் சோதனையில் சிக்கினார். இரண்டு முறையும் நடுவர் அவரைப் பணியில் சேர்த்தார். இரண்டாம் முறை நிபந்தனைகள் கடுமையாயின: மூன்று மாதம் ஊதியமில்லா இடைநீக்கம், வழக்குச் செலவு, ஆலோசனை சிகிச்சை, தொடர் சோதனை. மீண்டும் சிக்கினால் நடைமுறைக்கு வரும்படி, தேதியிடாத பதவிவிலகல் கடிதத்தையும் கையொப்பமிட்டுத் தரவேண்டும். நடுவர் தீர்ப்பு செல்லும் என்று ஒன்பது நீதியரசர்களும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். சட்டம் சோதனையோடு மறுவாழ்வையும் வலியுறுத்துகிறது என்று அவர்கள் சுட்டிக்காட்டினர்.

தொழிற்சங்கங்களின் மாற்று வழி

நீதிமன்றத்தில் வாதாடிய அதே காலத்தில் சங்கங்கள் குடிநோயைத் தடுக்கும் பணியிலும் இறங்கின. 1980களில் தொடங்கிய 'ஆபரேசன் ரெட் பிளாக்' திட்டத்தில், பயிற்சி பெற்ற தொழிலாளர்களே சக தொழிலாளரை அணுகிச் சிகிச்சைக்கு அனுப்பினர். விமானிகள் சங்கமும் இத்தகைய திட்டத்தை முன்பே தொடங்கியிருந்தது. உண்மையைச் சொன்னால் வேலை போகாது என்ற உறுதியே இவற்றின் அடிப்படை. விதி ஜி காலத்தில் நண்பனைக் காக்க மௌனமாக இருந்தவர்கள், இப்போது அவனைக் காக்கவே பேசத் தொடங்கினர்.

தற்போதைய நடைமுறை

இரத்த மது அளவு 0.04 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் பணியாளர் உடனே பாதுகாப்புப் பணியிலிருந்து விலக்கப்படுவார். தகுதி பெற்ற வல்லுநரின் மதிப்பீடும் அவர் பரிந்துரைக்கும் சிகிச்சையும் முடித்து, மறுசோதனையில் தேறினால் அவர் பணிக்குத் திரும்பத் தகுதி பெறுகிறார். அதன்பின் முதல் பன்னிரண்டு மாதங்களில் குறைந்தது ஆறு முறை முன்னறிவிப்பின்றிச் சோதிக்கப்படுவார். அவரைத் திரும்பச் சேர்ப்பதா என்பது நிறுவனத்தின் முடிவையும் தொழிற்சங்க ஒப்பந்தத்தையும் பொறுத்தது.