பிந்துனுவெவ வழக்கு: பொலிஸார் கூண்டில் நின்றபோது

 

பொலிஸ் காவலில் யாராவது மௌத்தானால் நம்மூர் வட்ஸ்அப் குழுக்களில் இரண்டு பேச்சுத்தான். "பொலிஸ்காரனுக்கு எங்கே தண்டனை?" என்பது ஒன்று. "வழக்கு எதற்கு, தூக்கில் போடு" என்பது மற்றது. இதற்கு நம் பதுளை மாவட்டத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

2000 ஒக்டோபர் 25 காலை. பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம். உள்ளே 41 தமிழ் இளைஞர்கள். புலிகள் அமைப்பிலிருந்து சரணடைந்தவர்களும் இருந்தார்கள், சந்தேகத்தில் பிடிபட்டவர்களும் இருந்தார்கள். முந்தைய இரவு முகாமில் தகராறு நடந்ததால், ஏறத்தாழ 60 பொலிஸார் ஆயுதங்களோடு காவலுக்கு வந்திருந்தார்கள். விடிந்ததும் பெருங்கூட்டம் ஒன்று கத்தி பொல்லுகளோடு உள்ளே புகுந்தது. 27 பேர் கொல்லப்பட்டார்கள். பொலிஸார் அங்கேயேதான் நின்றார்கள். அடுத்த நாட்களில் மலையகத் தோட்டப் பகுதிகளிலும் கொந்தளிப்பு, ஊரடங்கு.

வழக்கு கொழும்புக்குப் போனது. ஜூரி கிடையாது, மூன்று மேல் நீதிமன்ற நீதிபதிகள் விசாரித்தார்கள். ஊர்க் கோபமும் ஊர்ப் பயமும் எட்டாத இடம் என்பதால் எங்களுக்கு அது சரியாகவே படுகிறது. 2003 ஜூலை 1 அன்று ஐந்து பேருக்கு மரண தண்டனை. அவர்களில் இருவர் பொலிஸ் அதிகாரிகள்.

மேன்முறையீடு நேரே உயர் நீதிமன்றத்துக்கு, ஐந்து நீதிபதிகள் முன். 2005 மே 27ஆம் திகதியோடு எல்லோரும் விடுதலை.

இந்த இடத்தில் நிதானமாக யோசிக்க வேண்டும். அந்த இரு அதிகாரிகளும் தம் கையால் வெட்டியதாக யாரும் சொல்லவில்லை. தடுக்க வேண்டிய கடமையிலிருந்தும் தடுக்கவில்லை, ஆகவே கூட்டத்தின் நோக்கத்தில் அவர்களும் பங்காளிகள் என்பதே வழக்கு. ஒருவர் சும்மா நின்றார் என்று காட்டுவது எளிது. கொலை நடக்கட்டும் என்ற எண்ணத்தோடுதான் நின்றார் என்று சந்தேகமின்றி நிரூபிப்பது வேறு வேலை. உயர் நீதிமன்றத்துக்கு அந்தச் சான்று போதவில்லை. பிடிக்காதவனுக்கும் நீதி தவறக் கூடாது என்று ஜும்ஆ பயானில் கேட்டு வளர்ந்த நாம், அந்த அளவுகோல் பொலிஸ்காரருக்கும் உரியது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் நீதிமன்றம் தன் முன் வரும் கோப்பைத்தான் பார்க்கும். அந்தக் கோப்பைத் தயாரிப்பது யார்? பொலிஸ். குற்றம் சாட்டப்பட்டவரும் பொலிஸ். குறை கூண்டில் நின்றவருக்குக் கிடைத்த உரிமைகளில் இல்லை. இறந்த பிள்ளைகளின் பக்கம் சேர்ந்த சான்றில்தான் என்பது எங்கள் எண்ணம். தமிழ்நாட்டுச் சாத்தான்குளத்தில் 2020இல் தந்தையும் மகனும் காவலில் இறந்தபோது, உள்ளே பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ரேவதி நீதித்துறை நடுவரிடம் சாட்சி சொன்னார். விசாரணையும் மாநிலப் பொலிஸிடமிருந்து சி.பி.ஐ.க்கு மாறியது.

1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதற்கு ஒருவர்மீதும் வழக்கு இல்லை. பிந்துனுவெவவுக்கு வழக்காவது நடந்தது. நீதிபதி குலதிலக தலைமையில் ஜனாதிபதி ஆணைக்குழுவும் விசாரித்தது. அதன் அறிக்கையை அரசாங்கம் மக்களுக்கு வெளியிடவில்லை.