லண்டனில் முடிந்த சேதுபதி வழக்கு

இராமநாதபுரம் சேதுபதிகளின் ஜமீன் யாரைச் சேரும் என்ற வழக்குக்கு 1868-இல் லண்டனில் தீர்ப்புச் சொன்னார்கள். ராமேஸ்வரத்து அம்மனின் பெயரைத் தாங்கிய ராணி பர்வதவர்த்தனி நாச்சியார், கணவர் ராமசாமி சேதுபதி காலமான பிறகு முத்துராமலிங்கத்தைத் தத்தெடுத்திருந்தார். கணவரின் அனுமதி இல்லாவிட்டாலும் பங்காளிகளின் சம்மதத்தை வைத்து விதவை தத்தெடுக்கலாமா என்பதே கேள்வி. கூடாது என்றால் ஜமீன் சர்க்காருக்குப் போய்விடும். அப்போது இராமநாதபுரம் மதுரை மாவட்டத்துக்குள் இருந்தது. தனி மாவட்டமானது 1910-இல்தான். ஆகவே சர்க்கார் தரப்பில் மேல்முறையீடு செய்தவர் மதுரை கலெக்டர். லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அவர் வாதத்தை ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் பங்காளிகள் சம்மதித்தால் தத்து செல்லும் என்றது. தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் சாஸ்திர ஏட்டையும் விஞ்சும் என்றது. இந்துச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பைத் தாண்டிப் போக முடியாது.

வழக்கத்துக்கு இத்தனை மதிப்புக் கொடுத்த அந்த வழக்கின் வாதத்தை, அந்த வழக்கத்தோடு வாழ்ந்த சேது நாட்டு மக்கள் கேட்க வழியே இல்லை. இதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. தத்துப்பத்திரமும் சாட்சியமும் ஆங்கிலமாகி, அச்சாகி, கப்பலேறிப் போயின. மேல்முறையீட்டுக்கு வழக்கின் மதிப்பு பத்தாயிரம் ரூபாயாவது இருக்க வேண்டும் என்று 1838-இலேயே விதித்திருந்தார்கள். பாம்பனில் வலை இழுத்தவரும் கீழக்கரையில் சங்கு குளித்தவரும் அந்தப் படியை எப்படி ஏறியிருப்பார்கள்? ஜமீன்களே திணறின. பக்கத்துச் சிவகங்கையில் 1829-இல் கௌரி வல்லபத் தேவர் இறந்தபோது எழுந்த வாரிசுச் சண்டையில், அவர் மகள் கட்டம நாச்சியாருக்கு அதே பிரிவி கவுன்சிலில் வெற்றி கிடைத்தது 1863-இல். முப்பத்து நான்கு ஆண்டுகள்!

தூரமாக இருந்ததால்தானே நடுநிலை கிடைத்தது, சர்க்காரே தோற்றதே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உள்ளூர் அதிகாரத்தின் பிடிக்கு வெளியே இருந்த நீதிபதிகளால் கலெக்டருக்கு எதிராகத் துணிந்து சொல்ல முடிந்தது. தீர்ப்பை வாசித்த சர் ஜேம்ஸ் கால்வில் கல்கத்தாவில் தலைமை நீதிபதியாக இருந்தவர். இந்தியா அறியாதவர் அல்லர். ஆனால் நடுநிலைக்கு வேண்டியது அதிகாரத்திலிருந்து விலகி நிற்பது. மக்களின் கண்ணிலிருந்து விலகி நிற்பது அல்ல. இந்தத் தீர்ப்பு ஒரு ஜமீனோடு நிற்கவில்லை. சென்னை மாகாணம் முழுவதும் விதவைகளின் தத்துரிமைக்கு அதுவே அளவுகோலானது. அந்தப் பெண்களுக்கு முடிவு மட்டும் வந்து சேர்ந்தது. அதற்கான காரணங்கள் வரவில்லை.

1950-இல் உச்சநீதிமன்றம் டெல்லியில் அமைந்தது. லண்டன் தூரம் குறைந்தது, அவ்வளவே. சேதுசமுத்திரக் கால்வாய் வழக்கு இராமநாதபுரத்துக் கடலைப் பற்றியது. கச்சத்தீவு வழக்கும் அப்படியே. இரண்டிலும் வாதம் நடந்த இடம் டெல்லி. இங்கிருந்து ஒரு சட்ட மாணவர் போய்க் கேட்க வேண்டுமானால் ரயிலில் இரண்டு இரவாவது கழிய வேண்டும். போய்ச் சேர்ந்தாலும் நுழைவுச் சீட்டு வேண்டும். பயிற்சி மாணவர்களைச் சில நாட்களில் நீதிமன்ற அறைக்குள் விடாத நடைமுறையும் இருந்தது. அதை எதிர்த்து ஸ்வப்னில் திரிபாதி என்ற சட்ட மாணவர் வழக்குத் தொடுத்தார். விசாரணையை நேரலையில் காட்டலாம் என்று 2018 செப்டம்பர் 26 அன்று தீர்ப்பு வந்தது. அரசியல் சாசன அமர்வுகளின் நேரலை 2022 செப்டம்பரில் தொடங்கியது.

இனி என்ன குறை என்பவர்களுக்குப் பதில், மொழி. அரசியல் சாசனத்தின் 348-ஆம் பிரிவின்படி உச்சநீதிமன்றத்தில் எல்லாம் ஆங்கிலம். தீர்ப்புகள் சில தமிழில் வருகின்றன, வாதம் வருவதில்லை. தங்கச்சிமடத்து மீனவர் தம் கடலைப் பற்றிய வாதத்தைக் கைப்பேசியில் பார்க்கலாம், விளங்கிக்கொள்ள முடியாது. தலைமை நீதிபதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு டெல்லிக்கு வெளியேயும் அமர்வு நடத்த 130-ஆம் பிரிவு இடம் தருகிறது. தெற்கே ஓர் அமர்வும், நேரலைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் வேண்டும் என்று இந்தக் கரையின் வழக்கறிஞர்களும் மாணவர்களும் உரக்கக் கேட்க வேண்டும்.