கோணல் தும்பிக்கை

போன மாதம் என் ஆறு வயது மகள், தான் வரைந்த யானையைத் தானே கிழித்துப் போட்டாள். "தும்பிக்கை கோணலா வந்துடுச்சுப்பா." கிழித்தவள் அவள்தான். ஆனால் 'கோணல்' என்ற சொல்லை அவளுக்குக் கொடுத்தவன் நானாகத்தான் இருக்க வேண்டும். அன்றிரவு மேரி சோமர்வில்லின் ஞாபகம் வந்தது.

என்னைப் போல நிரல் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு அடா லவ்லேஸைத் தெரியும். அவருக்குக் கணிதத்தில் துணைநின்ற மேரியை அவ்வளவாகத் தெரியாது.

1780இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர் மேரி. கடற்கரையில் சிப்பி பொறுக்கித் திரிந்த பெண்ணைப் பத்து வயது வாக்கில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே மார்பில் இரும்புப் பட்டை, தோள்களைப் பின்னுக்கு இழுக்கும் நாடா, தாடைக்கடியில் இரும்பு வளையம். பெண் நிமிர்ந்து உட்கார வேண்டுமே! அந்தக் கோலத்தில் ஜான்சனின் அகராதியை மனப்பாடம் செய்ய வேண்டும். பின்னாளில் இரவில் யூக்ளிட் படிக்கிறாள் என்று தெரிந்ததும் வீட்டில் மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டார்கள். இருட்டில் படுத்தபடி தேற்றங்களை நினைவிலிருந்தே போட்டுப் பார்த்தார் மேரி.

அடாவின் கதை நேரெதிர். 1815இல் பிறந்த அவருக்குக் கணிதத்தை யாரும் தடுக்கவில்லை, திணித்தார்கள். கவிஞர் பைரனின் குணம் மகளுக்கும் வந்துவிடுமோ என்று தாய்க்குப் பயம். பாடம் ஒழுங்காக முடிந்தால் காகிதச் சீட்டு பரிசு. தவறினால் கொடுத்த சீட்டு பறிபோகும்.

ஒரு வீடு படிக்காதே என்றது, இன்னொன்று பிசகாமல் படி என்றது. இரண்டு வீட்டிலும் பெண் எப்படி இருக்க வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிட்டது.

மேரி இதிலிருந்து தப்பிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவருடைய மூத்த மகள் மார்கரெட் 1823இல் சிறுவயதிலேயே இறந்துபோனாள். அந்தப் பிஞ்சு மனதுக்கு அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிவிட்டேனோ என்று மேரி கலங்கினார். குழந்தையின் சாவுக்கு அது காரணமாக இருந்திருக்கத் தேவையில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொண்ட தாய் அவர்.

லாப்லாஸின் வானியலை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிக் கேட்டபோது அவர் ஒரு நிபந்தனை போட்டார்: விஷயம் ரகசியமாக இருக்க வேண்டும், சரியாக வராவிட்டால் கையெழுத்துப் பிரதியை நெருப்பில் போட்டுவிட வேண்டும். எங்க வீட்டு யானை மாதிரியேதான். நல்லவேளை, எரிக்கவில்லை. 1831இல் புத்தகம் வந்தது. அதை எழுதியது தனி அறையில் அல்ல. விருந்தாளி வந்தால் நிறுத்தி, போனதும் விட்ட இடத்தில் தொடர்ந்து எழுதியது. அந்த அரைகுறை நாட்களைப் பார்த்தபடிதான் மார்த்தா, மேரி என்ற இரு மகள்களும் வளர்ந்தார்கள்.

அவர்கள் விஞ்ஞானிகள் ஆகவில்லை. கடைசிவரை தாயோடு இத்தாலியில் வாழ்ந்தார்கள். 1872இல் மேரி இறந்த பிறகு அவருடைய நினைவுகளைத் தொகுத்து வெளியிட்டவர் மார்த்தா. மார்கரெட்டின் சாவில் தாய் உடைந்துபோய் எழுதிய கடிதத்தையும் அவர் புத்தகத்தில் சேர்த்தார். அம்மாவை உடையாதவளாகக் காட்ட வேண்டிய அவசியம் அந்த மகளுக்கு இருக்கவில்லை. வளர்ப்பில் இதைவிடப் பெரிய மதிப்பெண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் நானும் ஒரு யானை வரைந்தேன். "உன்னுது ரொம்ப மோசம்பா" என்றாள். கிழிக்கவில்லை, ஃப்ரிட்ஜில் ஒட்டினோம்.