சம்பளத்தில் பிடித்த சந்தா

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, வேலணைத் தீவிலுள்ள புளியங்கூடல், சரவணை, சுருவில் முதலிய ஊர்களிலிருந்து கொழும்புக்கும் மலாயாவுக்கும் உத்தியோகம் நாடிச் சென்றோர் பலர். அவர்கள் அனுப்பிய பணத்தால் ஊரிலே குடும்பங்கள் வாழ்ந்தன. உழைப்பவர் நோயில் விழுந்தால் அக்குடும்பமும் தளர்ந்துவிடும். சம்பளம் கிடைக்கும் நாளிலேயே நோய் நாளுக்கென ஒரு பங்கை ஒதுக்கிவைக்கும் ஏற்பாடே ஊழியர் மருத்துவக் காப்புறுதி. அதன் சந்தாவைக் கணக்கிடும் முறைக்கும், திருத்தும் முறைக்கும் நெடிய வரலாறு உண்டு.

1883ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்துச் சட்டம் இதனைத் தொழிலாளர்க்குக் கட்டாயமாக்கியது. சந்தாவின் மூன்றில் இரு பங்கைத் தொழிலாளரும், ஒரு பங்கை முதலாளியும் செலுத்தினர். 1911ஆம் ஆண்டில் பிரித்தானியா இயற்றிய சட்டத்தின்படி, வாரந்தோறும் ஆண் தொழிலாளர் நான்கு பென்ஸும், முதலாளி மூன்று பென்ஸும் கொடுக்க, அரசாங்கம் இரண்டு பென்ஸைச் சேர்த்தது. முதலாளி அதற்குரிய முத்திரையை வாங்கித் தொழிலாளரின் அட்டையில் ஒட்டினார். அட்டையைப் பார்த்தால் எந்த வாரத்துச் சந்தா செலுத்தப்பட்டது, எது விடுபட்டது என்பது விளங்கிவிடும்.

சந்தாவை அறவிடுவது எளிது. மாறும் கணக்கைச் சரிப்படுத்துவதே கடினம். மாத நடுவில் ஒருவர் வேலையிற் சேர்வார், மற்றொருவர் விலகுவார், வேறொருவர் மணம் முடித்து மனைவியையும் காப்புறுதியிற் சேர்ப்பார். கூட்டுக் காப்புறுதிகளிற் பெரும்பாலும் மாதக் கணக்கு முன்கூட்டியே எழுதப்படுவதால், இம்மாற்றங்கள் அடுத்த மாதக் கணக்கிலேயே இடம்பெறும். குறைந்த தொகை கூட்டப்படும். மிகையாகச் செலுத்திய தொகை கழிக்கப்படும். தகவல் பிந்தினால் பல மாதத்து நிலுவை ஒருங்கே வந்து சேரும். அந்த நிலுவையை யார் தலையில் ஏற்றுவது?

இவ்வினாவுக்குத் தெளிவான விடையளித்தது இந்தியாவின் 1948ஆம் ஆண்டுச் சட்டம். ஈ.எஸ்.ஐ. என மக்கள் வழங்கும் அத்திட்டம் 1952 பெப்ரவரி 24ஆந் திகதி கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிற்று. 1955 ஜனவரியில் ஆலை நகரமாகிய கோயம்புத்தூருக்கு வந்தது. இருவர் பங்கையும் முதலில் முதலாளியே செலுத்த வேண்டும். தொழிலாளரின் பங்கை அந்தந்தக் காலத்துக் கூலியிலிருந்து மட்டுமே அவர் கழித்துக்கொள்ளலாம். பின்வரும் காலத்துக் கூலியில் கைவைத்தல் ஆகாது. தம் பங்கைத் தொழிலாளர்மீது சுமத்தவும் இயலாது. கழித்த காசு, அவரிடம் நம்பி ஒப்படைத்த பொருளாகவே கருதப்படும். எனவே கணக்கில் நேர்ந்த தாமதம் ஏழையின் கூலியைக் குறைப்பதில்லை.

கூலி ஏறும்போது காப்பு நின்றுவிடாதிருக்கவும் வழி செய்யப்பட்டது. ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை ஒரு சந்தாக் காலம்; ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை மற்றொன்று. 2017 முதல் சட்டத்தின் கூலி வரம்பு 21,000 ரூபாயாக இருந்தது. 2019 ஆகஸ்டில் ஒருவரின் கூலி 20,000 ரூபாயிலிருந்து 22,000 ரூபாயாக உயர்ந்ததென்று கொள்வோம். அவர் உடனே நீக்கப்படார். செப்டெம்பர் முடிய உறுப்பினராகவே இருப்பார். அவ்வாண்டு யூலையிற் குறைக்கப்பட்ட வீதத்தின்படி, தொழிலாளர் நூற்றுக்கு முக்கால் பங்காக 165 ரூபாயும், முதலாளி நூற்றுக்கு மூன்றேகால் பங்காக 715 ரூபாயும் மாதந்தோறும் செலுத்துவர். செப்டெம்பரில் முடிந்த காலத்துச் சந்தாவுக்குரிய நோய்க்கால உதவித்தொகை, அடுத்த ஜனவரி முதல் யூன் வரை கிடைக்கும். ஆனால் குறைந்தது 78 நாட்களுக்கேனும் சந்தா செலுத்தியிருத்தல் வேண்டும். கணக்கில் ஒரு நாள் விடுபட்டு 77 ஆகிவிட்டால், நோயாளி வெறுங்கையுடன் திரும்ப நேரிடும்.

இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைகள் இலவசச் சிகிச்சை அளித்தமையால், இத்தகைய கட்டாயத் திட்டம் எல்லாத் தொழிலாளர்க்கும் தேவைப்படவில்லை. எனினும் அரசாங்க ஊழியர்க்கு அக்ரஹார காப்புறுதி ஏற்பட்டது. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதனை நடத்துகின்றது. சந்தா சம்பளத்திலேயே கழிக்கப்படுகின்றது.

கான்பூர் ஆலைத் தொழிலாளர்க்கும், கொழும்புக் கந்தோரில் அமர்ந்த புளியங்கூடல் உத்தியோகத்தர்க்கும் இவ்வரலாறு கூறுவது ஒன்றே. கழித்த பணம் உரிய பெயரிற் சேர்ந்ததா என்பதை உடல்நலமுள்ள நாளிலேயே பார்த்துக்கொள்ளல் வேண்டும். படுக்கையில் விழுந்தபின் பழைய கணக்கைத் திருத்துதல் அரிது.