தோளில் ஸ்டார் இல்லாத ஆலோசகர்கள்... கொரிய ராணுவ முகாம்களில் ஒரு கஷ்டமான வேலை!

பி.டி.எஸ் ஜின் 2022 டிசம்பர்ல ராணுவத்துக்குப் போனப்போ, இங்கேயும் பல பேரோட ஸ்டேட்டஸ் சோகமாச்சு. தென் கொரியாவில் உடல் தகுதியுள்ள ஆண்களுக்கு ராணுவ சேவை கட்டாயம். தரைப்படை என்றால் இப்போது 18 மாதம். இருபது வயசுப் பையனைக் கொண்டுபோய் முகாமில் விட்டால், அவன் மனசுல ஓடுறதை யார் கேட்பாங்க? அதற்கென்றே அங்கே ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

2005 ஜூனில், எல்லையை ஒட்டிய யோன்சோனில் ஒரு வீரர் தன் சக வீரர்கள் மீதே குண்டு வீசிச் சுட்டதில் 8 பேர் இறந்தார்கள். ஆலோசகர் திட்டம் சோதனை முறையில் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

இவங்க சீருடை போடாத சிவிலியன்கள். வேலையும் ஒப்பந்த அடிப்படையில்தான். தோள்பட்டையைப் பார்த்து மரியாதை கொடுக்கிற இடத்துல, ஸ்டார் இல்லாதவரோட பேச்சு எவ்வளவு எடுபடும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. 'இந்தப் பையனுக்கு எல்லைக் காவல் வேண்டாம்' என்று அவர் பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். முடிவு எடுப்பது கமாண்டர்.

அந்த முடிவு தப்பினால் என்ன ஆகும்? 2014 ஜூனில் கோசோங் எல்லைச் சாவடியில் ஒரு சார்ஜென்ட் சுட்டு 5 வீரர்கள் இறந்தார்கள். அவர் ஏற்கெனவே 'கவனம் தேவைப்படும் வீரர்' பட்டியலில் முதல் பிரிவில் இருந்தவர். பிறகு அடுத்த பிரிவுக்கு மாற்றி, எல்லைக்கு அனுப்பியிருந்தார்கள்.

ரகசியம் காப்பதுதான் இந்த வேலையில் பெரிய தலைவலி. 'சார்கிட்ட சொல்லிடாதீங்க'ன்னு கெஞ்சுகிற பையன் தற்கொலை பற்றிப் பேசினால், சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னால், 'அந்த ரூமுக்குப் போனா விஷயம் மேலே போயிடும்'னு அடுத்தவன் வரவே மாட்டான். காலேஜ் கவுன்சலிங் மாதிரி முடிச்சுட்டு வீட்டுக்குப் போற கதையும் இல்லை. அழுதுட்டு எழுந்து போகிற பையன், தன்னை மிரட்டுகிற சீனியர் படுத்திருக்கும் அதே அறைக்குத்தான் திரும்பணும். அது தெரிந்தே அனுப்பி வைக்கிற ஆலோசகருக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வருமா?

இத்தனைக்கும் நடுவில் தன் ஒப்பந்தம் நீடிக்குமா என்ற கவலை வேறு. சலித்துப்போய் அனுபவசாலி ஒருவர் விலகினால், அவரிடம் பாதி சொல்லி வைத்திருந்த பையன் புதுசா வர்றவர்கிட்ட முதல்ல இருந்து சொல்லணும். பெரும்பாலும் சொல்றதில்லைங்கிறதுதான் நிஜம்.

நேரில் வரத் தயங்குபவர்களுக்கு 1303 என்ற உதவி எண் 24 மணி நேரமும் இருக்கிறது. 2020 முதல், பணி நேரம் முடிந்த பிறகு வீரர்கள் சொந்த மொபைலைப் பயன்படுத்தலாம் என்பதால், இப்போது கையில் இருக்கும் போனிலிருந்தே கூப்பிடலாம்.