பன்னிரு காலமும் முக்காலமும்: சித்தூர் எல்லைப்பகுதியை முன்வைத்து

ஆங்கிலத்தில் காலங்கள் பன்னிரண்டு என்பது நம் பள்ளிகளில் ஐயமின்றி ஏற்கப்பட்ட கருத்தாகும். நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம் ஆகிய மூன்றும் எளியது, தொடர்வது, முற்றியது, முற்றித் தொடர்வது என நந்நான்காகப் பெருகி ஒரு கட்டமாக அமைகின்றன. 1930களின் நடுவில் வெளிவந்து இன்றளவும் பதிப்பிக்கப்பெறும் ரென், மார்ட்டின் இருவரின் இலக்கண நூல் இக்கட்டத்தை இந்திய வகுப்பறைகளில் வேரூன்றச் செய்தது. இது எங்கிருந்து வந்தது என்பதும், தமிழரும் தெலுங்கரும் தம் வினைகளைக் கொண்டு இதனை நிரப்ப முயன்றபோது நேர்ந்தது யாது என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

பழைய ஆங்கிலத்தில் வினையின் வடிவால் வேறுபட்ட காலங்கள் இரண்டே: இறந்தது ஒன்று, இறவாதது மற்றொன்று. எதிர்வதைக் கூற இன்று வழங்கும் ‘வில்’ என்னும் துணைவினை முன்னர் விருப்பத்தை உணர்த்திய தனிவினை. இலத்தீனை அளவுகோலாகக் கொண்ட இலக்கணிகள், அம்மொழிக்குரிய ஆறு காலங்களை ஆங்கிலத்திலும் காண விழைந்தனர். 1795இல் வெளிவந்து பெரும் செல்வாக்குப் பெற்ற லிண்ட்லி மரேயின் இலக்கணமும் ஆறு காலங்களையே கூறுகிறது. ஆறு பன்னிரண்டானது, தொடர்வினைகளையும் காலமென எண்ணியதால் எனலாம். ஆனால் ஆங்கிலத்திற்கு எதிர்காலம் என ஒரு தனி வினைவடிவம் இல்லை என யெஸ்பர்சன் வாதிட்டார். குவர்க் முதலிய நால்வர் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணமும் காலங்கள் இரண்டே எனக் கொண்டு, எஞ்சியவற்றை வினைநோக்கு, துணைவினை ஆகியவற்றின்பால் ஒதுக்கியது. பள்ளிநூல்கள் இதனைப் பொருட்படுத்தவில்லை.

இதே இலத்தீன் அளவுகோல் தமிழுக்கும் வந்தது. 1549இல் என்றீக்கே என்றீக்கசு போர்த்துகீசிய மொழியில் எழுதிய தமிழ் இலக்கணமும், 1716இல் ஆலே நகரில் அச்சான சீகன்பால்குவின் இலத்தீன் நூலும் தமிழ் வினைகளை ஐரோப்பிய வாய்பாடுகளில் அடைத்துக் காட்டின. தமிழ் மரபோ தனக்கெனத் தெளிந்த நோக்கினை உடையது. தொல்காப்பியர் காலம் மூன்று என்பார். எனினும் முக்காலத்தும் ஒத்து நிகழும் இயல்பினைச் ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டால் கூறுக என்றும் வகுத்தார். மலை நிற்கும், ஆறு ஒழுகும் என உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். இதனையும் ஆங்கிலத்தின் எளிய நிகழ்காலத்தையும் ஒருங்கு வைத்துக் காண்க. கின்று, கிறு என்னும் நிகழ்கால இடைநிலைகள் சங்கப் பாடல்களில் மிக அரியன. நன்னூல் அவற்றை விதியாக்குகிறது. அதாவது பழந்தமிழ் வினையும் வடிவளவில் இறந்தது, இறவாதது என்னும் இருபாற் பகுப்பினை நெருங்கியதே. பழைய ஆங்கிலத்தோடு ஒப்புமை காட்ட இதனினும் சிறந்த இடம் இல்லை. ஆயினும் நம் ஆங்கில இலக்கணக் கைநூல்கள் இதனைத் தொடுவதில்லை.

சித்தூர்ப் பகுதியில் இச்சிக்கல் மும்மடங்காகிறது. சித்தூர் நகர் முன்னர் வட ஆர்க்காட்டின் தலைநகராக விளங்கியது. 1911இல் தனி மாவட்டமான இப்பகுதி 1953இல் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. திருத்தணி 1960இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. குப்பத்தை அடுத்த சாந்திபுரம் போன்ற ஊர்களில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் அருகருகே புழங்குகின்றன. வீட்டில் தமிழ் பேசும் மாணவன் தெலுங்கு வழியே ஆங்கிலம் கற்பது இங்குப் புதுமையன்று. தெலுங்கில் ‘சேஸ்தானு’ என்னும் ஒரே வடிவம் வழக்கமாகச் செய்வதையும் இனிச் செய்யவிருப்பதையும் உணர்த்தும். சின்னய சூரி 1858இல் வெளியிட்ட பால வியாகரணம் இறப்பு, நிகழ்வு, எதிர்வு ஆகியவற்றோடு தத்தர்மம் என நான்காவது ஒன்றையும் வைத்ததற்கு இத்தகைய வடிவங்களே காரணம். தமிழின் ‘போவார்’ என்பதும் எதிர்காலத்தோடு நில்லாது. “அந்நாளில் தாத்தா நாள்தோறும் கோயிலுக்குப் போவார்” என்னும் தொடரில் அது இறந்தகால வழக்கத்தைக் குறிக்கிறது. கட்டத்தை நம்பிய மொழிபெயர்ப்பாளர் இங்கு ‘வில் கோ’ என எழுதிவிடுகிறார். இறந்துபோன தாத்தா நாளைக்கும் கோயிலுக்குப் புறப்படுகிறார். 1873இல் தெலுங்கிற்கும் 1891இல் தமிழுக்கும் படிநிலை இலக்கணம் எழுதிய ஆர்டன் போன்றோர்க்கு இரு மொழியும் தெரிந்திருந்தன. பின்வந்த பள்ளிநூல் ஆசிரியர் பலர்க்கு அவ்வாய்ப்பு இல்லை.

கலைச்சொற்களும் குழப்பத்தை மிகுவித்தன. ‘முற்று’ என்பது தமிழ் இலக்கணத்தில் எச்சத்திற்கு மறுதலை. வாக்கியத்தை முடிக்கும் வினை. சில கைநூல்கள் ‘ஹேஸ் கம்’ போன்ற வடிவத்தை நிகழ்கால வினைமுற்று எனப் பெயரிட, மாணவன் ‘வருகிறான்’ என்பதையும் அதனையும் ஒரே பெயரால் அறிகிறான். ‘நிறைவு’ என்னும் சொல் இத்தீங்கினைத் தவிர்க்கும்.

எனினும் பெயரினும் பொருளே முதன்மையானது. ‘ஹேஸ் கம்’ என்பதற்கு ‘வந்திருக்கிறான்’ என்பதே நேரான ஈடு எனக் கருதுகிறோம். இரண்டும் துணைவினையால் ஆனவை என்பது மெய். ஆயின் ஆங்கில வடிவம் ‘நேற்று’ என்னும் சொல்லோடு சேராது. தமிழில் ‘நேற்று வந்திருக்கிறான்’ என்பது இயல்பான தொடர். அன்றியும் ‘மழை பெய்திருக்கிறது’ என்று ஒருவர் கூறும்போது, பெய்யக் கண்டவர் என்பதினும் நனைந்த தரையைக் கண்டு உய்த்துணர்ந்தவர் என்பதே பெரும்பாலும் புலப்படும். தெலுங்கில் இவ்விடத்துப் பெரிதும் எளிய இறந்தகாலமே அமையும். உய்த்துணர்வுக்கு ‘வச்சுண்டாடு’ என வேறு வடிவம் உண்டு. அது தமிழின் ‘வந்திருப்பான்’ என்பதனோடு ஒக்கும்.

சாட்சி தமிழிலோ தெலுங்கிலோ கூற, பதிவு ஆங்கிலத்தில் எழுதப்படும் நீதிமன்றங்களில் இவ்வேறுபாடு சிறியதன்று. “அவன் இரவில் வீட்டுக்கு வந்திருக்கிறான்” என்று ஒரு சாட்சி கூறுவது, காலையில் வாயிற்படியில் செருப்பைக் கண்டதனால் ஆகலாம். பதிவில் ‘ஹேஸ் கம்’ என்றோ ‘கேம்’ என்றோ எழுதப்பட்டால் அவர் கண்ணாற் கண்டவர் ஆகிவிடுகிறார். அவர் செருப்பை மட்டுமே கண்டார் என்பதைக் குறுக்கு விசாரணையில் ஒருவர் கேட்டறிய வேண்டும்; கேட்பவர் ஆங்கிலப் பதிவினை மட்டும் படித்தவராயின் கேட்கவேண்டும் என்ற எண்ணமே அவர்க்குத் தோன்றாது.