யாருடைய முட்டை? வளர்ப்புப் பாம்புகளின் குடல் ஒட்டுண்ணிகளும் அவசர மருத்துவமும்

மலத்தில் புழு முட்டை தென்பட்டதும் குடற்புழு நீக்க மருந்து கொடுப்பது ஆடு, நாய் மருத்துவத்தில் ஊறிய பழக்கம். பாம்புக்கு அது பொருந்தாது என்பதே என் வாதம். பாம்பு இரையை முழுதாக விழுங்குகிறது. இரையின் குடலும் அதில் குடியிருப்பவையும் கூடவே போகின்றன.

கூண்டில் வளரும் பால் பைத்தானுக்கும் கார்ன் பாம்புக்கும் பெரும்பாலும் எலிதான் உணவு. சுண்டெலிக் குடலில் சைபேசியா, ஆஸ்பிக்குலூரிஸ் என்னும் ஊசிப்புழுக்கள் சர்வசாதாரணம். அவற்றின் முட்டைகள் செரிக்காமல் பாம்பின் மலத்தில் வந்துவிடும். உறையவைத்த எலியைக் கொடுத்தாலும் முட்டை ஓடு நுண்ணோக்கியில் அப்படியே தெரியும். சைபேசியா முட்டை ஒரு பக்கம் தட்டையானது. ஆஸ்பிக்குலூரிஸ் முட்டை இருபுறமும் சமச்சீரானது. இந்த அடையாளம் தெரிந்தால் ஒரு மருந்துச் சீட்டு மிச்சம்.

கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியில் இந்தக் குழப்பம் உயிர்ப் பிரச்சினையாகிறது. பாம்புகளின் இரைப்பை அழற்சியோடு இதைத் தொடர்புபடுத்திய ஆய்வு 1977இல் வந்தது. கிரிப்டோஸ்போரிடியம் செர்பென்டிஸ் என்ற பெயர் 1980இல் சூட்டப்பட்டது. இரைப்பைச் சுவர் தடித்து, நடு உடல் வீங்கி, விழுங்கிய இரையைப் பாம்பு சில நாட்களில் கக்கிவிடும். நம்பத்தக்க மருந்து இல்லை. பாரோமோமைசின் கிருமி வெளியேறுவதைக் குறைக்கலாம், ஒழிக்கும் என்று சொல்வதற்கில்லை. சாதாரண பிளீச்சிங் கரைசலுக்கும் அது அசையாது. ஆகவே நோய் உறுதியான பாம்பைக் கருணைக்கொலை செய்யும்படி அறிவுறுத்துவோர் உண்டு. ஆனால் எலிகளுக்கும் சொந்தக் கிரிப்டோஸ்போரிடிய இனங்கள் இருக்கின்றன. அமில உறுதிச் சாயமேற்றிய தகட்டில் அவற்றையும் செர்பென்டிஸையும் பிரித்தறிவது கடினம். மரபணுச் சோதனைதான் வழி. நன்றாகத் தின்று, கக்காமல் இருக்கும் பாம்புக்கு ஒரே தகட்டை வைத்து மரணத் தீர்ப்பு எழுதுவது அறிவியல் ஆகாது. மறுபக்கமும் உண்டு: கிருமி விட்டுவிட்டே வெளியேறுவதால், ஒருமுறை தென்படாததை வைத்து நோயில்லை என்றும் சொல்ல முடியாது.

முட்டை பாம்பின் சொந்தப் புழுவினுடையதே என்றானால், அடுத்துப் பார்க்க வேண்டியது அதன் வாழ்க்கைச் சுழற்சி. மலைப்பாம்பின் நாடாப்புழுவான போத்ரிடியத்துக்கு நீரில் வாழும் நுண்ணிய ஓட்டுயிரி இடைநிலை விருந்தோம்பியாக வேண்டும். உறைந்த எலி தின்னும் பாம்புக்கு அது மறுபடி தொற்றும் வாய்ப்பு அரிது. கலிசெபாலஸ் கொக்கிப்புழு அப்படியல்ல. இடைநிலை உயிர் தேவையில்லாததால் ஈரமான கூண்டில் அது பெருகிக்கொண்டே போகும். அங்கே தரைவிரிப்பை மாற்றிக் கூண்டைக் காயவைப்பது மருந்துக்குச் சமமான சிகிச்சை.

மருந்தும் விளையாட்டல்ல. மாடுகளுக்கென விற்கும் 1 சதவீத ஐவர்மெக்டினில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்ற வழக்கமான அளவில், 500 கிராம் எடையுள்ள பாம்புக்கு வேண்டியது 0.01 மில்லிலிட்டர். சிரிஞ்சில் இந்த அளவைக் கண்ணால் பிடிக்க முடியாது; நீர்க்காமல் ஏற்றினால் பத்து மடங்கு போவது எளிது. அதே மருந்து ஆமையைக் கொல்லும். பென்பெண்டசோல் பாதுகாப்பானது என்ற பெயரெடுத்தது. ஆனால் அளவு மீறினால் எலும்பு மஜ்ஜையைத் தாக்கும்.

இதை ‘பொறுத்திருப்போம்’ என்ற போதனையாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. என்டமீபா இன்வேடன்ஸ் என்ற ஒட்டுண்ணி ஆமைகளின் குடலில் பெரும்பாலும் தொல்லையின்றி வாழும். பாம்புக்குள் நுழைந்தால் பெருங்குடலைப் புண்ணாக்கி விரைவில் கொன்றுவிடும். ஆமை இருக்கும் வீட்டில் வளரும் பாம்பு இரத்தமும் சளியுமாகக் கழித்தால், அன்றே புதுமலத்தை அயோடினிட்டுப் பார்த்து, ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் எடைக்கேற்ற மெட்ரோனிடசோலைத் தொடங்கிவிட வேண்டும்.